பண்டித ரமாபாய்க்குக் கிடைத்த ஆசீர்வாதம்

நேயர்களுக்கு என் அன்பு வணக்கம்.

சபைகளில் சாட்சி சொல்லும் நேரம் என்று ஒன்று உண்டு. சின்ன வயதிலிருந்து அதைக் கேட்டு வளர்ந்தவள் நான். கிறிஸ்துவை ஏற்றுக்கொண்டோம், நோய் தீர்ந்தது, வீடு கட்டினோம், பிள்ளைக்கு வேலை கிடைத்தது என்று கண் கலங்கச் சொல்வார்கள். நன்றியோடு சொல்லும் சொற்கள் அவை. அவற்றில் குறை காண எனக்கு மனம் வராது. ஆனால் பிராமணக் குடும்பத்தில் பிறந்து கிறிஸ்தவரான பண்டித ரமாபாயின் சாட்சியைப் படித்த பிறகு, ஆசீர்வாதத்தை எப்படிக் கணக்குப் பார்ப்பது என்ற யோசனை என்னை விடவே இல்லை. மதம் மாறியதால் ரமாபாய் வாங்கிக்கொண்டதைவிட இழந்ததே அதிகம். அப்படியிருந்தும் தன்னை ஆசீர்வதிக்கப்பட்டவள் என்றே அவர் நம்பினார். அது எப்படி என்பதைத்தான் இன்று உங்களோடு பேச வந்திருக்கிறேன்.

1858 ஏப்ரல் 23 அன்று, இன்றைய கர்நாடகத்தில் மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டில் கங்காமூலா என்ற இடத்தில் ரமா பிறந்தார். ஊரை விட்டுக் காட்டில் குடியிருந்ததற்குக் காரணம் அவருடைய அப்பா. அனந்த சாஸ்திரி டோங்கரே பெரிய சமஸ்கிருத பண்டிதர், ஆசாரம் தவறாத பிராமணர். ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் ஊரோடு ஒத்துப்போகவில்லை. தன் மனைவி லட்சுமிபாய்க்குச் சமஸ்கிருதம் கற்றுக்கொடுத்தார். பெண்பிள்ளைக்குத் தேவபாஷையா என்று உறவும் ஊரும் எதிர்த்தன. அவர் சளைக்கவில்லை. மனைவியைக் கூட்டிக்கொண்டு காட்டுக்குப் போய், அங்கே வீடு கட்டிப் பாடத்தைத் தொடர்ந்தார்.

வருகிற விருந்தாளிகளுக்கும் யாத்திரிகர்களுக்கும் சோறு போட்டே சொத்து கரைந்தது. ரமாவுக்கு ஆறு மாதம் ஆனபோது குடும்பம் மலையை விட்டு இறங்கியது. குழந்தையைப் பிரம்புப் பெட்டியில் கிடத்தி ஒரு ஆள் தலையில் சுமந்து வந்தார். அதன்பின் வாழ்நாளெல்லாம் யாத்திரைதான். கோயில், குளம், ஆற்றங்கரை என்று உட்கார்ந்து புராணம் வாசிப்பார்கள். கேட்பவர்கள் கொடுக்கும் காணிக்கையில் சாப்பாடு. அம்மாதான் ரமாவுக்கு ஆசிரியை. விடியுமுன் கொஞ்சி எழுப்பிச் சுலோகம் சொல்லித்தருவார். பதினைந்து வயதுக்குள் பாகவதத்தின் சுலோகங்கள் ஆயிரக்கணக்கில் ரமாவுக்கு மனப்பாடம்.

அப்புறம் பஞ்சம் வந்தது. 1870-களில் சென்னை மாகாணத்தை வாட்டிய பஞ்சம். பாத்திரம், நகை, துணி எல்லாம் விற்றாயிற்று. கூலி வேலைக்குப் போக ஆசாரம் இடம் தரவில்லை, பிச்சை கேட்க மானம் விடவில்லை. கடைசி அரிசியும் தீர்ந்தபோது திருப்பதி மலைக் காட்டுக்குள் போய் உட்கார்ந்தார்கள். பதினோரு பகல், பதினோரு இரவு. தண்ணீரும் இலைகளும், கொஞ்சம் காட்டுப் பழமும்தான் ஆகாரம். அப்பா புண்ணிய தீர்த்தத்தில் இறங்கி உயிரை விடுவது என்று முடிவு செய்து, பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விடை சொன்னார். ரமா கடைக்குட்டி. கண்பார்வை மங்கிப்போன அந்தக் கிழவர் மகளை அணைத்துக்கொண்டு, உன்னைக் கடவுள் கையில் ஒப்படைத்துவிட்டேன், நீ அவருக்குச் சொந்தம், வாழ்நாள் முழுக்க அவருக்கே ஊழியம் செய் என்று சொன்னார். இந்த வார்த்தைகளை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அன்று அவர் நீரில் இறங்கவில்லை. நான் கூலி வேலைக்குப் போகிறேன் என்று மகன் தடுத்துவிட்டான். ஆனால் உடம்பு ஏற்கெனவே விட்டுப்போயிருந்தது. சில நாளில் அப்பா போனார். ஒன்றரை மாதத்தில் அம்மாவும் போனார். அம்மாவின் பாடையைத் தூக்க ஆள் கிடைக்கவில்லை. இரண்டு பிராமணர்கள் மட்டும் இரக்கப்பட்டு வந்தார்கள். அண்ணன் மூன்றாவது ஆள், ரமா நான்காவது. உயரம் போதாததால் தோளில் தாங்க முடியாமல், பாடையின் ஒரு முனையைத் தலையில் வைத்துச் சுமந்தபடி சுடுகாடு வரை நடந்தார். பிறகு அக்காவும் இறந்தார். மிஞ்சிய இருவரும் நடந்தே வடக்கு நோக்கிப் போனார்கள்.

1878-இல் கல்கத்தா போய்ச் சேர்ந்தார்கள். அங்கே பண்டிதர்கள் ரமாவைச் சோதித்துப் பார்த்து அசந்துபோய், பண்டிதை என்றும் சரஸ்வதி என்றும் பட்டம் கொடுத்தார்கள். வயது இருபதுதான். அந்த ஊரில்தான் முதல்முறையாகக் கிறிஸ்தவர்கள் கூடிய ஒரு வீட்டுக்குப் போனார். எல்லோரும் நாற்காலியைப் பார்த்து முழங்காலிட்டு ஜெபம் பண்ணியதைக் கண்டு, இவர்கள் நாற்காலியைக் கும்பிடுகிறார்கள் என்று நினைத்தாராம். கிறிஸ்தவம் அவ்வளவு தொலைவில் இருந்தது. பெண்களுக்கு உபந்நியாசம் செய்வதற்காகத் தர்ம சாஸ்திரங்களைப் படிக்கத் தொடங்கியபோதுதான் அவர் மனம் கலங்கியது. பெண்ணுக்கும் சூத்திரருக்கும் மோட்சத்துக்கு நேர்வழி கிடையாது என்று அந்த நூல்கள் கூடிச் சொல்வதாக அவர் கண்டார். அப்பா கொடுத்த படிப்பே அந்தக் கேள்விக்குக் கொண்டுவந்து விட்டது.

அண்ணன் இறந்தபின், 1880-இல் விபின் பிஹாரி என்ற வங்காள வக்கீலைப் பதிவுத் திருமணம் செய்தார். அவர் பிராமணர் இல்லை. பத்தொன்பது மாத இல்லறம். காலராவில் கணவர் போனபோது கையில் மனோரமா என்ற பெண்குழந்தை. இருபத்து மூன்று வயதில் விதவை.

1882-இல் புனேவுக்கு வந்தார். ரானடே போன்ற சீர்திருத்தக்காரர்கள் கொண்டாடினார்கள். பெண்களுக்காக ஆர்ய மகிளா சமாஜம் தொடங்கினார். அரசின் ஹன்டர் கல்விக் குழு முன்னால் போய், பெண் ஆசிரியைகளும் பெண் வைத்தியர்களும் வேண்டும் என்று வாதாடினார். தானே மருத்துவம் படிக்கும் எண்ணத்தோடு 1883-இல் கப்பலேறினார். கிறிஸ்தவளாக மாட்டேன் என்று நண்பர்களிடம் உறுதி சொல்லித்தான் கிளம்பினார். காது கேட்பது குறைந்துகொண்டே வந்ததால் மருத்துவப் படிப்பு நடக்கவில்லை.

இங்கிலாந்தில் வான்டேஜ் என்ற ஊரில் ஆங்கிலிக்கன் கன்னியர் மடத்தில் தங்கினார். அந்தச் சகோதரிகள் அவரை லண்டனில் ஃபுல்ஹாம் பகுதியில் தாங்கள் நடத்திய இல்லத்துக்கு அனுப்பினார்கள். விபசாரத்தில் தள்ளப்பட்டு மீண்ட பெண்களுக்கான இல்லம் அது. சாஸ்திரம் யாரைத் தொடவே கூடாது என்று சொன்னதாக ரமாபாய் படித்திருந்தாரோ, அவர்களைக் கண்ணியமான குடும்பத்துப் பெண்கள் அன்போடு பராமரிப்பதைப் பார்த்தார். ஏன் இதைச் செய்கிறீர்கள் என்று கேட்டார். ஒரு சகோதரி யோவான் சுவிசேஷம் நான்காம் அதிகாரத்தைத் திறந்து, கிணற்றடியில் இயேசு சமாரியப் பெண்ணோடு பேசிய பகுதியை வாசித்துக் காட்டினார். ரமாபாயின் மனம் திரும்பியது அங்கேதான். வாதத்தில் தோற்றோ, ஆதாயம் தேடியோ அவர் மாறவில்லை. ஒதுக்கப்பட்ட பெண்ணுக்கு இடம் கொடுத்தவர் யார் என்று தேடிப் போனார். 1883 செப்டம்பர் 29 அன்று அவரும் குழந்தை மனோரமாவும் ஞானஸ்நானம் பெற்றார்கள்.

செய்தி புனேவை எட்டியது. சரஸ்வதி என்று போற்றிய வாய்களே தூற்றின. நாட்டையும் தர்மத்தையும் விற்றுவிட்டாள் என்று பத்திரிகைகள் எழுதின. சரி, புதிய வீட்டிலாவது அவருக்கு நிம்மதி கிடைத்ததா? அதுவும் கிடைக்கவில்லை. ஒரே கடவுள் மூன்று ஆட்களாக இருக்கிறார் என்னும் திரித்துவம் போன்ற போதனைகளைக் கேள்வி கேட்காமல் ஏற்க மாட்டேன் என்று குருமார்களுடன் கடிதத்தில் வாதாடினார். இந்தியப் புரோகிதர்களின் நுகத்தடியை இப்போதுதான் கழற்றிப் போட்டேன், இன்னொரு நுகத்தடிக்குக் கழுத்தை நீட்ட மாட்டேன் என்ற கருத்தில் ஞானத்தாயான சகோதரி ஜெரால்டினுக்கு எழுதினார். கிறிஸ்தவரானபின்னும் மாமிசம் தொடவில்லை. அந்த மடத்தாருக்கு இது அகங்காரமாகப் பட்டது. எனக்கோ இதுதான் அவருடைய இரண்டாவது தியாகமாகப் படுகிறது. பழைய மதிப்பைவிட்டு வந்தவர், புதிய இடத்தின் அரவணைப்புக்காகவும் மனசாட்சியை அடகு வைக்கவில்லை. தனியாக நிற்கத் துணிந்தார்.

1886-இல் அமெரிக்கா போனார். ஊர் ஊராகப் பேசினார். 1887-இல் பாஸ்டனில் அவர் பணிக்காகச் சங்கம் தொடங்கி, பத்து ஆண்டுகள் பண உதவி தருவதாக உறுதி கொடுத்தார்கள். 1889 மார்ச் 11 அன்று பம்பாயில் சாரதா சதன் திறக்கப்பட்டது. பிராமண விதவைச் சிறுமிகளுக்கான பள்ளி. அவரவர் ஆசாரப்படி சமைத்துச் சாப்பிடலாம், மதப் பிரசாரம் கிடையாது என்பது ஏற்பாடு. முதலில் வந்து சேர்ந்த விதவைகளில் கோதுபாய் ஒருவர். இவரைத்தான் 1893-இல் தோண்டோ கேசவ் கார்வே மறுமணம் செய்தார். பெண்களுக்கான பல்கலைக்கழகத்தை 1916-இல் தொடங்கிய, 1958-இல் பாரத ரத்னா பெற்ற அதே கார்வே. கிறிஸ்தவப் பெண் ஒருத்தி ஏற்றிய விளக்கில் இந்துக் குடும்பங்களும் வெளிச்சம் பெற்றன என்பதை இரு தரப்பாருமே போதிய அளவு சொல்வதில்லை.

சதன் பிறகு புனேவுக்கு மாறியது. ரமாபாய் தன் அறையில் ஜெபம் செய்யும்போது கதவைச் சாத்துவதில்லை. சில சிறுமிகள் வந்து உட்கார்ந்தார்கள். வராதே என்று அவர் விரட்டவில்லை. 1893-இல் அதுவே பெரிய புயலாயிற்று. ரானடேயும் சமஸ்கிருத அறிஞர் பண்டார்கரும் சதனின் ஆலோசனைக் குழுவிலிருந்து விலகினார்கள். திலகரின் கேசரி பத்திரிகை கடுமையாகத் தாக்கியது. பெற்றோர் வந்து பெண்களைக் கூட்டிப்போய்விட்டார்கள். நம்பிக் கொடுத்த பிள்ளைகள் விஷயத்தில் பெற்றோர் பதறியதில் நியாயம் உண்டு என்றே நானும் நினைக்கிறேன். ஆனால் வேறெங்கும் போக்கிடமில்லாத சிறுமிகள் அவரோடே இருந்துவிட்டார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

1896-இல் மத்திய மாகாணங்களில் பஞ்சம். ரமாபாய் நேரில் போனார். அநாதையாய் நின்ற நூற்றுக்கணக்கான பெண்களைக் கூட்டி வந்தார். தன் குடும்பத்தைத் தின்ற பஞ்சத்தின் முகத்தை அவர் மறுபடி பார்த்தபோது என்ன நினைத்திருப்பார்! எலும்பும் தோலுமான அந்தப் பெண்களுக்கு முதலில் கஞ்சி, பிறகு புண்ணுக்கு மருந்து, அப்புறம்தான் எழுத்து. அந்த நேரம் பார்த்துப் புனேயில் பிளேக் பரவியதால் ஊருக்குள் கூட்டமாக வைத்திருக்க அரசு அனுமதிக்கவில்லை. கேட்காவ் என்ற கிராமத்தில் வாங்கிப் போட்டிருந்த பண்ணை நிலத்துக்கு எல்லோரையும் கொண்டுபோனார். முக்தி சதன் பிறந்தது அங்கேதான். பிளேக் முகாம்களில் பெண்கள் நடத்தப்பட்ட விதத்தைக் கண்டித்து, கிறிஸ்தவ அரசு என்று பார்க்காமல் பத்திரிகையில் பகிரங்கமாக எழுதவும் செய்தார்.

1900 வாக்கில் அங்கே ஏறத்தாழ 1,500 பேர் இருந்தார்கள். நெசவு, எண்ணெய் ஆட்டுதல், பால் பண்ணை, விவசாயம், அச்சகம் என்று எல்லாம் பெண்கள் கையில். பார்வையற்றவர்களுக்கு மனோரமா பிரெய்ல் கற்றுக்கொடுத்தார். விபசாரத்திலிருந்து மீண்ட பெண்களுக்குக் கிருபா சதன் தனியாக இருந்தது. ஃபுல்ஹாமில் பார்த்ததை அவர் மறக்கவில்லை. ஒவ்வொரு பெண்ணும் ஒரு கைத்தொழில் கற்றே ஆக வேண்டும் என்று ரமாபாய் பிடிவாதமாக இருந்ததற்குக் காரணம் திருப்பதி மலைக் காடுதான் என்பது என் எண்ணம். வேத சாஸ்திரம் அத்தனையும் தெரிந்த ஒரு குடும்பம், கைவேலை ஒன்றும் தெரியாமல் பட்டினியில் செத்தது.

1905-இல் முக்தியில் எழுப்புதல் என்று சொல்லப்படும் பெரிய பக்தி எழுச்சி நடந்தது; அதைப் பற்றி இன்றும் பல சபைகளில் பேசுகிறார்கள். அதைவிட, சில ஆண்டு கழித்து அவர் எழுதிய சாட்சி எனக்கு நெருக்கமானது. தன் மதமாற்றத்தைச் சொல்லும் அந்த எழுத்தில் அப்பா சொன்ன கடைசி ஆசியை அவ்வளவு மரியாதையோடு பதிவு செய்கிறார். இந்து பக்தராகவே வாழ்ந்து இறந்த அப்பாவின் வாக்கு அது. அதை அவர் உதறவில்லை. கடவுளுக்கே ஊழியம் செய் என்று அப்பா ஒப்படைத்தது தன் வாழ்வில் பலித்துவிட்டது என்றே நம்பினார். மதம் மாறியவர் பெற்றவர்களைப் பழிக்க வேண்டும் என்று யார் சொன்னது? ரமாபாய் பழிக்கவில்லை. பெண்ணுக்கும் எழுத்து உண்டு என்று காட்டுக்குப் போன அப்பாவின் மகள் அவர். அந்த வேலையை ஆயிரக்கணக்கான பெண்களுக்குச் செய்து முடித்தார்.

கடைசிப் பல ஆண்டுகளை மராத்தி வேதாகம மொழிபெயர்ப்புக்குக் கொடுத்தார். எபிரேயமும் கிரேக்கமும் கற்று, படிப்பு குறைந்த பெண்களும் வாசிக்கும் எளிய மராத்தியில் எழுதினார். எழுத்து கோத்து, அச்சடித்து, தைத்ததெல்லாம் முக்தியின் பெண்கள். தனக்குப்பின் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வாள் என்று நம்பியிருந்த மகள் மனோரமா 1921 ஜூலையில் இறந்தார். ரமாபாய் வேலையை நிறுத்தவில்லை. 1922 ஏப்ரல் 5 அன்று அவரும் காலமானார். வேதாகமம் முழுமையாக 1924-இல் வெளிவந்தது.

முக்தி மிஷன் இன்றும் நடக்கிறது. ஆதரவற்ற பெண்களும் பிள்ளைகளும் அங்கே தங்கிப் படிக்கிறார்கள். புனே பக்கம் போகிற நேயர்கள் தவுண்ட் வழியாகப் போகும் ரயில் பாதையில் கேட்காவ் நிலையத்தில் இறங்கினால் போய்ப் பார்க்கலாம். எந்த மதத்தவராக இருந்தாலும் போய்ப் பாருங்கள். இதுவரை கேட்டதற்கு நன்றி, வணக்கம்.