உள்ளங்காலில் ஒரு மச்சம்

நேயர்களுக்கு வணக்கம். மச்சத்துக்குப் பலன் சொல்வதில் நம்மவர்களை மிஞ்ச ஆளில்லை. உள்ளங்காலில் மச்சம் இருந்தால் ஊர் சுற்றும் யோகம் என்பார்கள். நான் சேலத்தில் தோல் மருத்துவம் பார்க்கிறவன். உள்ளங்காலில் கறுப்பாக எதையாவது கண்டால் கை தானாக பூதக்கண்ணாடியைத் தேடும்.

ஏற்காட்டில் காப்பிப் பழம் பறிக்கிற அம்மா ஒருவர், ஒரு தை மாதம் வந்தார். குதிகாலில் ஆணி, எட்டு மாதமாகியும் போகவில்லை என்றார். பிளாஸ்திரி ஒட்டிப் பார்த்திருக்கிறார், பிளேடால் சீவியிருக்கிறார், சுண்ணாம்பும் வைத்தாயிற்று. காலைத் தூக்கிக் காட்டச் சொன்னேன். ஒரு ரூபாய்க் காசைவிடச் சற்றுப் பெரிசு. ஒரு பக்கம் மைக்கறுப்பு, மறுபக்கம் வறுத்த காப்பிக்கொட்டை நிறம். ஓரம், ஈரத் துணியில் சிந்திய மை போலக் கலைந்திருந்தது. நடுவே சின்னப் புண். கால் ஆணி இப்படி நிறம் காட்டாது. சதைப் பரிசோதனையில் மெலனோமா என்று வந்தது, அதாவது தோலுக்கு நிறம் தரும் செல்களில் வரும் புற்று.

'அது வெள்ளைக்காரங்களுக்கு வர்றதாச்சே?' என்று படித்தவர்களே கேட்கிறார்கள். பாதி சரி. நம் தோலுக்கு நிறம் தரும் மெலனின் என்ற நிறமி ஒரு குடை. வெயிலால் வரும் தோல் புற்று நமக்குக் குறைவு. அதற்காக ஏற்காட்டில் குளிர்கிறதே என்று வெயிலை லேசாக நினைக்க வேண்டாம். 1500 மீட்டர் உயரத்தில் புற ஊதாக் கதிர் கீழே இருப்பதைவிடக் கூடுதல். பிறவியிலேயே நிறமி இல்லாதவர்களுக்கு முழுக்கைச் சட்டையும் தொப்பியும் கட்டாயம். ஆனால் நமக்கு மெலனோமா வந்தால் பெரும்பாலும் வெயில் படாத உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி என்றுதான் வருகிறது. பாடகர் பாப் மார்லிக்கும் கால் விரல் நகத்தடியில்தான் வந்தது. பந்து விளையாடிப் பட்ட அடி என்று முதலில் நினைத்தார்கள். 1981இல் இறந்தபோது அவருக்கு வயது 36.

நகத்தில் நெடுக ஒரு கறுப்புக் கோடு நம்மில் பலருக்கு உண்டு, பயமில்லை. ஒரே விரலில் மட்டும் புதிதாக வந்து, அகலமாகிக்கொண்டே போய், நகக்கண் தோலிலும் கறுப்பு இறங்கினால் உடனே காட்டுங்கள்.

இன்னொன்று பழைய தழும்பு. ஸ்டவ் வெடித்துப் பிழைத்தவர்கள், கொதிக்கிற எண்ணெய் கொட்டியவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆறி இருபது முப்பது வருடமான தழும்பு திடீரென்று வெடித்து, புண் ஆறாமல், ஓரம் தடித்துக் காலிஃபிளவர் மாதிரி கிளம்பினால் அதுவும் புற்றாக இருக்கலாம்; மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கக் கூடாது.

அப்புறம் இடுப்பு. வேட்டியை ஒரே இடத்தில் வருடக்கணக்கில் இறுக்கிக் கட்டுவதால் வரும் புற்றை, மருத்துவ ஆய்வாளர்கள் கனோல்கரும் சூர்யாபாயும் 1945லேயே எழுதிவைத்தார்கள். பெண்களுக்குப் பாவாடை நாடா. வியர்வையும் உராய்வும் சேர்ந்து இடுப்பைச் சுற்றிக் கறுத்து, செதில் உதிர்ந்து, அபூர்வமாகச் சிலருக்குப் புண் புற்றாகிறது. ஊருக்கெல்லாம் தோல் பார்க்கிற நான், என் அம்மாவின் இடுப்புத் தழும்பைக் கவனித்தது அவருக்கு எழுபது வயதான பிறகு. நல்லவேளை, வெறும் தழும்புதான். இப்போது நாடாவுக்குப் பதில் அகலப் பட்டி வைத்துத் தைத்துக்கொள்கிறார், தையற்காரரைத் திட்டிக்கொண்டே.

காப்பித் தோட்டத்து அம்மாவின் வீட்டுக்காரர் கேட்டார்: "கத்தி பட்டா பரவிடும்ங்கறாங்களே சார்?" பலரை வீட்டிலேயே உட்கார வைத்துவிடுகிற பேச்சு இது. மரத்துப்போக ஊசி போட்டு, துளி சதை எடுத்துப் பார்ப்பதால் பரவாது. எடுக்காமல் விட்டால்தான் ஆழமாக இறங்கும். மெலனோமா ஒரு மில்லிமீட்டர் ஆழத்துக்குள் இருக்கும்போதே வெட்டி எடுத்தால் பெரும்பாலானோருக்கு அதோடு முடிந்துவிடுகிறது. சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையில் தோல் பிரிவு இருக்கிறது. சீட்டு வாங்கும் இடத்தில் 'தோல்' என்று சொன்னால் போதும்.

அந்த அம்மாவுக்குக் குதிகாலில் வெட்டி எடுத்து, தொடைத் தோலை வைத்து மூடினார்கள். லேசாகச் சாய்த்துத்தான் நடக்கிறார். அடுத்த முறை வந்தபோது கூட வேலை செய்கிற நான்கு பேரையும் கூட்டி வந்து, வரிசையாகக் காலைக் காட்டச் சொன்னார். நால்வருக்கும் கால் ஆணிதான்.