காது பார்த்தாச்சுங்களா?

மேடையில் வீற்றிருக்கும் தலைவர் ஐயா அவர்களே, வட்டார மருத்துவ அலுவலர் அவர்களே, பந்தல் போட்டு மோரும் கொடுத்து உட்கார வைத்த பெருந்துறைப் பெரியவர்களே, கைப்பிள்ளையோடு வந்திருக்கும் அம்மிணிகளே, வணக்கமுங்க.

மூன்று செய்தி சொல்ல ஒப்புக்கொண்டேன்: பிள்ளை குரலை எப்படி அடையாளம் காண்கிறது, காதை எப்படிச் சோதிப்பது, இந்த ஆராய்ச்சிக்கு என்ன படிப்பது.

தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். குரல் பழக்கமோ தொட்டிலுக்கும் முந்தையதுங்க. 1980இல் அமெரிக்காவில் டிகாஸ்பர், ஃபைஃபர் என்ற இருவர், பிறந்து மூன்று நாள்கூட ஆகாத பத்துப் பிள்ளைகளை எடுத்துக்கொண்டார்கள். வாயில் பால் வராத ரப்பர் காம்பு, காதில் ஹெட்போன். பிள்ளை ஒரே மூச்சாகச் சப்பாது. சப்பும், நிறுத்தும், மறுபடி சப்பும். அந்த இடைவெளியில்தான் சூட்சுமம். முதல் ஐந்து நிமிடம் குரலே போடாமல் வழக்கமான இடைவெளியை அளந்தார்கள். பிறகு, இடைவெளியை நீட்டினால் பெற்றவள் குரல். சுருக்கினால் வேறொரு தாயின் குரல். பாதிப் பிள்ளைகளுக்கு இதையே தலைகீழாக வைத்தார்கள். இல்லையென்றால் இயல்பாகவே மெதுவாகச் சப்புவதெல்லாம் அம்மா பிள்ளை என்று கணக்காகிவிடும்! பத்தில் எட்டு, அம்மா குரல் வரும் விதமாகச் சப்பலை மாற்றிக்கொண்டன. 1984இல் டிகாஸ்பர் அப்பா குரலையும் வைத்துப் பார்த்தார். வேறு ஆள் குரலிலிருந்து பிரித்துத் தெரிகிறது; ஆனால் அப்பா குரல்மேல் தனி விருப்பம் எதுவும் இல்லை. (சிரிப்பு) அப்பாக்கள் கோவிச்சுக்காதீங்க. வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கு அம்மா குரல் உடம்பு வழியாகவே உள்ளே போகிறது. உங்கள் குரல் வெளியிலிருந்து வந்தாகணும்.

இத்தனையும் காது கேட்டால்தானுங்க. அமுச்சி பின்னால் நின்று தட்டைத் தட்டுவார், பிள்ளை திரும்பும். நிழலுக்கும் கை வீசின காற்றுக்கும்கூடத் திரும்பும், அதை நம்பாதீங்க. ஓஏஇ கருவியைக் கேளுங்க. காதில் சின்ன முனையை வைத்துக் கிளிக் ஒலி விட்டால், உட்செவி திருப்பி அனுப்பும் எதிரொலியை அது பிடிக்கும். பால் குடித்துத் தூங்கும்போது, ஃபேனை நிறுத்திவிட்டு வைக்கணும். பிறந்த அன்றே வைத்தால் காதில் நீரும் வெள்ளைப் படிவும் அடைத்திருக்கும், நல்ல காதும் தவறிப்போகும். அதனால் பயப்படாமல் மறுபடி வைக்கணும். தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த பிள்ளைக்கும், மஞ்சள் காமாலை முற்றிய பிள்ளைக்கும் இது போதாது. கருவி 'பாஸ்' காட்டும், பழுது நரம்பில் இருக்கும். அவர்களுக்கு, ஒலி காது நரம்பு வழியாக மூளைவரை போகிறதா என்று பார்க்கும் பெரா சோதனை வேண்டும்.

ஒரு மாதத்துக்குள் சோதனை, மூன்றுக்குள் உறுதி, ஆறுக்குள் காது மெஷினோ சிகிச்சையோ. தொட்டில் பழக்கம் என்றேனே, தொட்டிலில் குரலே விழாத பிள்ளைக்குப் பேச்சு எங்கிருந்துங்க வரும்?

படிப்பு பற்றிய மூன்றாவது செய்திக்குத் தலைவர் ஐயா கடிகாரத்தைப் பார்க்கிறார். ஒன்று மட்டும்: தடுப்பூசி அட்டை ஓரத்தில் 'காது பார்த்தாச்சு' என்று தேதி போட்டு எழுதச் சொல்லுங்க. எழுதாமல் டிஸ்சார்ஜ் வாங்காதீங்க.