மலத்தில் கிருமி இருந்தது. அதுதான் காரணமா?

[திரையில்: மூடி போட்ட சின்ன பிளாஸ்டிக் டப்பா. மேலே ஓர் எண் மட்டும்.]

குழந்தைக்கு வயிற்றால் போகிறது. "பல்லு முளைக்குது, அதான்" என்பார் பாட்டி. "மாந்தம்" என்பார் பக்கத்து வீட்டு அத்தை. நேற்று அப்பா வாங்கிக் கொடுத்த ஐஸ் மேல் பழியைப் போடுவார் அம்மா. மலத்தைப் பரிசோதனைக்குக் கொடுத்தால், இன்ன கிருமி இருக்கிறது என்று ஒரு சீட்டு வரும். சரி, திருடன் மாட்டிக்கொண்டான் என்று நினைத்துக்கொள்வோம்.

ஆனால் அதே தெருவில் ஓடி விளையாடிக்கொண்டிருக்கும் குழந்தையின் மலத்தையும் சோதித்துப் பாருங்கள். அதிலும் ஏதாவது ஒரு கிருமி இருக்க நிறையவே வாய்ப்பு உண்டு. அப்படியானால் இந்தக் குழந்தைக்கு மட்டும் ஏன் பேதி?

[வரைபடம்: ஏழு புள்ளிகள் ஒவ்வொன்றாக ஒளிர்கின்றன.]

இந்தக் கேள்வியைப் பெரிய அளவில் கேட்ட ஆய்வு ஒன்று உண்டு. ஜெம்ஸ் என்று அழைப்பார்கள். 2007 முதல் 2011 வரை இந்தியா, வங்கதேசம், பாகிஸ்தான், மாலி, காம்பியா, கென்யா, மொசாம்பிக் ஆகிய ஏழு நாடுகளில் நடந்தது. இந்தியாவில் கொல்கத்தா. ஓரளவாவது கடுமையான பேதியோடு சிகிச்சைக்கு வந்த, ஐந்து வயதுக்கு உட்பட்ட 9,439 குழந்தைகளை எடுத்துக்கொண்டார்கள். அதோடு நிறுத்தவில்லை. அதே ஊரில், அதே வயதில், பேதி இல்லாத 13,129 குழந்தைகளின் மலத்தையும் வாங்கிச் சோதித்தார்கள். நல்லாயிருக்கிற குழந்தையின் மலம் எதற்கு என்று எத்தனை அம்மாக்கள் கேட்டிருப்பார்களோ!

எதற்கு என்பது முடிவைப் பார்த்தால் புரியும். நோயுற்ற குழந்தைகளில் 83 சதவீதம் பேரிடம் ஏதாவது ஒரு கிருமி இருந்தது. நலமாக இருந்த குழந்தைகளில்? 72 சதவீதம்.

[திரையில்: 83, 72 என்ற எண்கள் மட்டும். மூன்று விநாடி மௌனம்.]

ஜியார்டியா என்ற ஒட்டுண்ணியைப் பாருங்கள். பேதி என்றதும் பாடப்புத்தகத்தில் வரும் பெயர். ஆனால் ஜெம்ஸ் நடந்த சில இடங்களில், ஒரு வயது தாண்டிய பிள்ளைகளில், பேதி இல்லாதவர்களிடம்தான் இது அதிகம் தென்பட்டது. இவர்களை ஒப்பிடாமல் விட்டிருந்தால் ஜியார்டியாவின் தலையிலும் ஒரு பங்கு பழி விழுந்திருக்கும்.

இப்படிக் கழித்துப் பார்த்ததில் நான்கு பெயர்கள் முன்னால் வந்தன: ரோட்டா வைரஸ், கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி, ஷிகெல்லா என்ற பாக்டீரியா, ஈ.கோலி பாக்டீரியாவில் நச்சு சுரக்கும் ஒரு வகை. கைக்குழந்தைகளில் ரோட்டாதான் முதலிடம். வயது ஏற ஏற ஷிகெல்லாவின் கை ஓங்கியது. கிரிப்டோஸ்போரிடியத்தை அதுவரை பெரும்பாலும் எச்.ஐ.வி. உள்ளவர்களோடு சேர்த்துத்தான் பேசுவார்கள். சாதாரணக் கைக்குழந்தைகளிடம் அது இவ்வளவு பெரிதாக இருக்கும் என்று பலர் எதிர்பார்க்கவில்லை. இடத்துக்கு இடம் வித்தியாசமும் உண்டு. ஏரோமோனாஸ் என்ற பாக்டீரியா வங்கதேசத்திலும் பாகிஸ்தானிலும் கணக்கில் வந்தது.

அப்புறம் அதே ஆய்வின் மாதிரிகளில் ஒரு பகுதியை எடுத்து, கிருமியின் மரபணுவைத் தேடும் பிசிஆர் முறையில் மறுபடி சோதித்தார்கள். முடிவு 2016-இல் வெளியானது. இந்த முறை கிருமி இருக்கிறதா என்பதோடு, எவ்வளவு இருக்கிறது என்பதையும் அளந்தார்கள். கொஞ்சமாக ஒட்டிக்கொண்டிருப்பது வேறு, குடலையே நிறைத்திருப்பது வேறு அல்லவா? ஷிகெல்லாவின் பங்கு முன்பு கணித்ததைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கானது. ஷிகெல்லாவை ஆய்வகத் தட்டில் வளர்த்துக் கண்டுபிடிப்பது கடினம், அதனால் பழைய முறையில் ஏறத்தாழ பாதி நழுவிப்போயிருந்தது.

[காட்சி: வேலூர். குறுகலான தெரு, வாசலில் குடங்கள்.]

இன்னொரு சங்கதி. மருத்துவமனைக்கு வரும் குழந்தையை மட்டும் பார்த்தால் கடுமையான நோயின் காரணம்தான் தெரியும். வீட்டிலேயே இரண்டு நாள் போய் நின்றுவிடும் பேதி? அதற்காக மால்-எட் என்ற ஆய்வு பிறந்த குழந்தைகளை வீடு தேடிப் போய், இரண்டு வயது வரை பின்தொடர்ந்தது. எட்டு இடங்களில் நடந்தது, அதில் வேலூரும் ஒன்று. இந்த ஆய்வில் நோரோ வைரஸ், ஆஸ்ட்ரோ வைரஸ், கேம்பைலோபாக்டர் என்ற பாக்டீரியா எல்லாம் மேலே வந்தன. யாரிடம் கேட்கிறோம் என்பதைப் பொறுத்துப் பதில் மாறுகிறது. அமெரிக்காவில் 2006-இல் ரோட்டா தடுப்பு மருந்து வந்தபின், பேதி, வாந்தியோடு மருத்துவரிடம் வரும் குழந்தைகளில் நோரோ முன்னால் வந்துவிட்டது. ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டுக்கொண்டு மருத்துவமனையில் கிடக்கும் முதியவருக்குப் பேதி வந்தால் மருத்துவர் முதலில் சந்தேகப்படுவது கிளாஸ்ட்ரிடியாய்டீஸ் டிஃபிசில் என்ற பாக்டீரியாவை.

ஒரே கிருமிகூட ஊருக்கு ஊர் வேறு மாதிரி நடந்துகொள்கிறது. மெக்சிகோவில் நடந்த ஆய்வில், இரண்டு முறை ரோட்டா தொற்று வந்துபோன குழந்தைக்கு அதன்பின் கடுமையான ரோட்டா பேதி வரவே இல்லை. வேலூரில் 2002-இல் தொடங்கி மூன்று ஆண்டுகள் குழந்தைகளைக் கவனித்தார்கள். இங்கே மூன்று தொற்றுக்குப் பிறகும் ஓரளவு அல்லது கடுமையான ரோட்டா பேதியிலிருந்து பாதுகாப்பு 79 சதவீதம்தான். ஏழை நாடுகளில் ரோட்டா தடுப்பு மருந்து பணக்கார நாடுகளில் தரும் அளவு பலன் தருவதில்லை என்பதோடு இது ஒத்துப்போகிறது. ஆனாலும் இங்கே நோய் அதிகம் என்பதால், குறைந்த பலனும் நிறையக் குழந்தைகளைக் காப்பாற்றும்.

[காட்சி: கிளினிக். மேசையில் ஓ.ஆர்.எஸ். பொட்டலம்.]

ஆகவே, டாக்டர் மலப் பரிசோதனை எழுதாமல் ஓ.ஆர்.எஸ்.ஸும் ஜிங்க் மாத்திரையும் கொடுத்து அனுப்பினால் கோபித்துக்கொள்ளாதீர்கள். பெரும்பாலான பேதிக்கு எந்தக் கிருமியாக இருந்தாலும் முதல் வேலை போன நீரைத் திரும்பக் கொடுப்பதுதான். பேதி நின்றுவிட்டது என்று ஜிங்கையும் நிறுத்திவிடாதீர்கள், சொன்ன நாள் வரை கொடுங்கள். மலத்தில் இரத்தம் தெரிந்தால் மட்டும் கதை வேறு. அது ஷிகெல்லாவாக இருக்கலாம், ஆன்டிபயாட்டிக் தேவைப்படும். அன்றைக்கே கூட்டிக்கொண்டு போய்விடுங்கள். கண் குழி விழுந்து, குடிக்கக்கூடத் தெம்பில்லாமல் குழந்தை துவண்டு கிடந்தாலும் அப்படித்தான்.