காலியாக இருந்தால் உட்கார்ந்துவிடுவீர்களா?

வணக்கம் மக்களே! லைட் செட் செய்யவில்லை, தலையும் வாரவில்லை, இன்றைக்கு ஒருநாள் பொறுத்துக்கொள்ளுங்கள். விமானத்தில் இருந்து இறங்கி வந்து பெட்டியைக்கூடத் திறக்காமல் கேமராவை ஆன் செய்திருக்கிறேன். பணம் கட்டாமலே விலை கூடிய காலிச் சீட்டில் போய் உட்கார்ந்துகொள்கிறார்களே, அவர்களைப் பற்றிக் கடுப்பு ஆறுவதற்குள் சொல்லிவிட வேண்டும்.

என் கதை உங்களுக்குத் தெரியும். விமானத்தில் சாப்பாட்டுக்குக் காசு கொடுக்க மாட்டேன், முதலில் ஏறுவதற்குக் கொடுக்க மாட்டேன், வைஃபைக்குச் சத்தியமாகக் கொடுக்க மாட்டேன். காலுக்கு மட்டும் கொடுப்பேன். என் உயரத்துக்குச் சாதாரண எகானமி சீட்டில் முழங்காலை எங்கே வைப்பது என்பதே பெரிய கேள்வி. 30, 31 அங்குலம் என்று போட்டிருப்பார்கள், மலிவு விமானங்களில் 28 வரை இறங்கும். அது முழுக்க உங்கள் காலுக்கு என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு சீட்டின் முதுகில் இருந்து அடுத்த சீட்டின் முதுகு வரை அளப்பார்கள், சீட்டின் தடிமனும் அதில்தான் அடக்கம். அதனால் லெக்ரூம் சீட்டுக்குத் தனியாகப் பணம் கட்டினேன். எவ்வளவு என்று சொல்ல மாட்டேன், சொன்னால் இன்னும் கடுப்பாகும். டிக்கெட் விலையைப் பார்த்துச் சந்தோஷப்பட்ட மனுஷன், சீட் மேப் திறந்ததும் அமைதியாகிவிட்டேன். அவ்வளவுதான் சொல்வேன்.

எகானமியின் முதல் வரிசை, நடைவழி சீட். முன்னால் சுவர், அதனால் யாரும் என் மேல் சாய முடியாது. நடு சீட் காலி, சன்னல் சீட்டும் காலி. போர்டிங் முடிந்தது என்று அறிவிப்பு வருகிறது, கதவு சாத்துகிறார்கள். அந்தச் சத்தம் கேட்டதுதான் தாமதம், பின்னால் இருந்து ஒருவர் விறுவிறு என்று வருகிறார். "எக்ஸ்க்யூஸ் மீ" என்றுகூட இல்லை, கையால் ஒரு சைகை, நகரு என்கிற மாதிரி. எழுந்து வழிவிட்டேன். உள்ளே போய் சன்னல் ஓரம் உட்கார்ந்து, காலை நீட்டி, கண்ணை மூடிவிட்டார். எந்த சீட் என்று எவரும் கேட்கும் முன்பே தூங்கிவிடுவது இவர்களுடைய முதல் பாடம்.

முதலில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. தாமதமாக வந்திருப்பார் என்றுதான் நினைத்தேன். ஆ, சொல்ல மறந்துவிட்டேன், அவர் கையில் பை எதுவும் இல்லை. தாமதமாக வருகிறவர் கையில் ஏதாவது இருக்கும் இல்லையா? இவர் பெட்டி, ஸ்வெட்டர், தண்ணீர் பாட்டில் எல்லாம் எங்கேயோ பின்னால் இருக்கிறது. அப்புறம் சட்டைப் பையைப் பார்த்தேன். போர்டிங் பாஸ் பாதி வெளியே நீட்டிக்கொண்டு இருக்கிறது, கொட்டை எழுத்தில் 27ஈ. நடு சீட்! பாவம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும்!

இங்கே அந்த மேஜையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், இல்லையென்றால் மனசு ஆறாது. முதல் வரிசையில் முன்சீட் கிடையாது, அதனால் மேஜையைக் கைப்பிடிக்குள் மடித்து வைத்திருப்பார்கள். அதனாலேயே கைப்பிடி தடிமனாக இருக்கும், மேலே தூக்கவும் முடியாது, உட்காரும் அகலமும் கொஞ்சம் குறையும். இதெல்லாம் சீட் மேப்பில் எவன் சொல்கிறான்? பச்சைக் கலரில் ஒரு கட்டம், பக்கத்தில் ஒரு விலை, அவ்வளவுதான். என் மேஜை பாதி வந்து சிக்கிக்கொண்டது. மூடியைத் தூக்கினால் மேஜை வரவில்லை, மேஜையை இழுத்தால் மூடி விழுகிறது. கடைசியில் மூடியை முழங்கையால் அழுத்திக்கொண்டு, மேஜையை முதலில் உள்பக்கம் தள்ளி, பிறகு இழுத்தேன். டக் என்று வந்தது! நான் கைதட்டாத குறை. இந்த நுட்பத்தை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: முதலில் தள்ளு, பிறகு இழு.

அந்த நேரம் பார்த்து இவர் கண் திறக்கிறார். தன் மேஜையை இழுத்துப் பார்க்கிறார், வரவில்லை. என்னிடம் சொல்கிறார், "என்ன சார் சீட் இது, இவ்வளவு குறுகலா இருக்கு, இதுக்குப் போய் எக்ஸ்ட்ரா வாங்குறாங்க." எனக்கு எப்படி இருந்திருக்கும் சொல்லுங்கள்! எக்ஸ்ட்ரா கொடுத்தவன் நான். ஓசியில் உட்கார்ந்தவர் ரிவ்யூ கொடுக்கிறார். அதோடு விட்டாரா, பட்டனை அழுத்தி க்ரூவைக் கூப்பிட்டு, "இந்த வரிசைக்குப் போர்வை கிடையாதா?" என்று கேட்டார். அதில்தான் மாட்டினார். சும்மா தூங்கியிருந்தால் இறங்கும் வரை ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

க்ரூவில் இருந்து ஒரு பெண் டேப்லெட்டோடு வந்தார். எந்த சீட்டில் யார், யார் எதற்குப் பணம் கட்டினார்கள் எல்லாம் அதில் இருக்கிறது. "சார், உங்கள் சீட் 27ஈ தானே?" என்றார், சிரித்த முகம். இவர் சொல்கிறார், "காலியாதானே இருக்கு?" அவர் சொன்னார், "ஆமாம் சார், கார்டில் கட்டிவிட்டால் தாராளமாக இங்கேயே இருக்கலாம்." ஆகா! அந்த ஒரு வாக்கியத்துக்காக அந்த விமான நிறுவனத்துக்கு அந்த மேஜையைக்கூட மன்னித்துவிட்டேன். எழுந்து போனார், போகும்போது என்னை ஒரு முறை முறைத்தார். நான் என்ன செய்தேன்? காட்டிக்கொடுத்தது போர்வை.

இதோடு முடிந்தது என்று நினைத்தால், கொஞ்ச நேரம் கழித்துக் கழிப்பறைக்குப் பின்பக்கம் போகிறேன், நம்ம ஆள் எமர்ஜென்சி எக்ஸிட் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். 27க்குப் போகவே இல்லை!

இதில் எனக்குக் கோபம் இல்லை, பயம். எக்ஸிட் வரிசை லெக்ரூமுக்காகப் போட்ட வரிசை கிடையாது, ஆட்கள் வெளியே போவதற்காக விட்ட வழி. அமெரிக்க விதிப்படி அங்கே 15 வயதுக்குக் குறைந்தவர் உட்காரக் கூடாது, கதவைத் திறக்கும் உடல் பலம் வேண்டும், க்ரூ சொல்வது புரிய வேண்டும், உதவச் சம்மதம் என்றும் சொல்ல வேண்டும். அதனால்தான் புறப்படும் முன் க்ரூ வந்து ஒவ்வொருவரிடமும் கேட்டு, வாயால் பதில் வாங்குகிறார்கள். பாதி வழியில் வந்து உட்கார்ந்தவரிடம் எவர் கேட்டார்? இறங்கும்போது ஏதாவது ஆனால், அந்தக் கதவின் பக்கத்தில் இருப்பவர் எதையும் காதில் வாங்காத ஒருவர். பெரிய விமானங்களுக்கு அனுமதி தரும்போது, பாதிக் கதவுகளை மட்டும் பயன்படுத்தி 90 நொடியில் அத்தனை பேரும் வெளியேற முடியும் என்று காட்டியாக வேண்டும். அந்த 90 நொடியில் கைப்பிடி எங்கே என்று தேடிக்கொண்டிருந்தால் எப்படி?

சின்ன விமானத்தில் இன்னொரு விஷயம் உண்டு, எடைச் சமநிலை. ஏடிஆர் 72 பார்த்திருப்பீர்கள், பின்கதவு வழியாக ஏறுவோம், நிற்கும்போது வால் பக்கம் ஒரு முட்டுக்கம்பு கொடுத்திருப்பார்கள். பின்னால் எடை ஏறினால் மூக்கு தூக்கிவிடக் கூடாது என்பதற்குத்தான். கூட்டம் குறைவாக இருந்தால் "இந்த வரிசைக்கு மாறி உட்காருங்கள்" என்று அவர்களே சொல்வார்கள். விமானத்தின் எந்தப் பகுதியில் எத்தனை பேர் என்று கணக்குப் போட்டுத்தான் கிளம்புகிறார்கள். பெரிய விமானத்தில் ஒரு ஆள் மாறினால் எதுவும் ஆகாது, அதை வைத்துப் பூச்சாண்டி காட்ட மாட்டேன். சின்னதில் ஏழெட்டுப் பேர் முன்னால் போய் உட்கார்ந்தால் அது வேறு கணக்கு.

போன முறை இதைப் பற்றிப் பேசியபோது கமெண்டில் ஒரே வாதம்: "காலியாகப் போகிற சீட்டில் உட்கார்ந்தால் யாருக்கு நஷ்டம்?" இதே கேள்வியை 2019ல் ட்விட்டரில் யுனைடெட் ஏர்லைன்ஸிடம் ஒரு பயணி கேட்டார். டொயோட்டா வாங்கிவிட்டு, காலியாக நிற்கிறது என்பதற்காக அதைவிட விலை கூடிய லெக்ஸஸை ஓட்டிக்கொண்டு போக முடியாது என்கிற மாதிரி பதில் சொன்னார்கள். நெட்டில் கிழித்துத் தொங்கவிட்டார்கள். அந்தப் பதிலில் திமிர் இருந்தது, மறுக்கவில்லை, ஆனால் விஷயம் சரிதான். நஷ்டம் எனக்கு! நடு சீட்டும் பக்க சீட்டும் காலியாக இருக்கும் வரிசையைத் தேடித் தேடி எடுத்தவன் நான். அடுத்த முறை நான் ஏன் பணம் கட்ட வேண்டும், நானும் கதவு சாத்தும் வரை காத்திருந்து ஓடி வந்தால் போதாதா?

சிலர் இதை எந்த அளவுக்குக் கொண்டு போவார்கள் தெரியுமா? 2019 நவம்பர் கடைசியில் பென்சகோலாவில் இருந்து மயாமி போன அமெரிக்கன் ஈகிள் விமானத்தில், பெரிய சீட் வேண்டும் என்பதற்காக ஒரு பெண் உடம்பு சரியில்லை என்று நடித்தார் என்று போலீஸே சொன்னது. விமானம் திரும்பிப் போய்ப் பென்சகோலாவிலேயே இறங்கியது. அப்போதும் அவர் இறங்க மறுத்ததால் மற்ற பயணிகளை எல்லாம் இறக்கிவிட வேண்டியிருந்தது. ஒரு சீட்டுக்காக!

ஆனால் எனக்குப் பயணிகள் மேல் இருக்கிற கோபத்தைவிட நிறுவனங்கள் மேல்தான் கோபம் அதிகம். 2024 நவம்பரில் அமெரிக்க செனட்டின் விசாரணைத் துணைக்குழு ஓர் அறிக்கை விட்டது. அங்கே ஐந்து விமான நிறுவனங்கள் 2018 முதல் 2023 வரை சீட் கட்டணமாக மட்டும் 1,240 கோடி டாலர் வாங்கியிருக்கின்றன. சீட்டுக்கு மட்டும்! அதே அறிக்கையில் இன்னொன்று: ஃபிரான்டியர், ஸ்பிரிட் என்கிற இரண்டு மலிவு விமான நிறுவனங்களும் 2022, 2023 இரண்டு வருடத்தில் கேட்டில் நிற்கும் ஊழியர்கள் உட்படப் பலருக்கு 2.6 கோடி டாலர் கொடுத்திருக்கின்றன. எதற்கு? விதிக்கு மேல் பை கொண்டுவருகிறவர்களைப் பிடிப்பதற்கு. பை கொஞ்சம் புடைத்திருந்தால் பிடிக்க ஆள் உண்டு, அதற்குத் தனிக் காசும் உண்டு. பணம் கட்டாத சீட்டில் உட்கார்ந்தவரைப் பிடிக்க? அந்தப் பெண் ஒருத்திதான். அதுவும் தண்ணீர் கொடுத்துக்கொண்டு, குப்பை வாங்கிக்கொண்டு, அழுகிற குழந்தையைச் சமாளித்துக்கொண்டு. அவருடைய முதல் வேலை பாதுகாப்பு. நடுவானத்தில் ஒரு முரட்டு ஆளோடு சீட்டுக்காகச் சண்டை போட எவருக்கு மனசு வரும்? அதனால் பல பேர் பார்த்தும் பார்க்காத மாதிரி போய்விடுகிறார்கள். நான் அவர்களைக் குறை சொல்லவே மாட்டேன்.

இந்த ஓசி சீட் பழக்கம் இனிமேல் அதிகமாகத்தான் ஆகும். சவுத்வெஸ்ட் என்கிற அமெரிக்க விமான நிறுவனத்தில் அரை நூற்றாண்டுக்கு மேல் சீட் நம்பரே இல்லாமல் இருந்தது, ஏறுகிறவர் பிடித்த இடத்தில் உட்கார்ந்தார். 2026 ஜனவரி 27ல் இருந்து அங்கேயும் நம்பர் வந்துவிட்டது, லெக்ரூம் சீட்டுக்குத் தனி விலையும் வந்துவிட்டது. ஐம்பது வருடப் பழக்கம் ஒரு தேதியில் போய்விடுமா?

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் என்னைக் கல்நெஞ்சக்காரன் என்பீர்கள். அதே வகுப்பில், அதே விலைச் சீட்டில், பின்னால் முழு வரிசை காலியாக இருந்தால் க்ரூவிடம் கேட்டுவிட்டுப் போய்ப் படுங்கள். நானே செய்வேன், அந்த வீடியோவும் இருக்கிறது. கேட்டுவிட்டு என்பதுதான் முக்கியம். கைக்குழந்தைத் தொட்டில் மாட்டும் வசதி முன்சுவர் வரிசையில்தான் இருக்கும், அங்கே இடம் மாற்றச் சொன்னால் முகம் சுளிக்காமல் எழுந்துவிடுவேன். "நானும் என் நண்பரும் சேர்ந்து உட்காரணும், நீங்க நடு சீட்டுக்குப் போறீங்களா" கும்பல் வேறு, அதற்குத் தனி வீடியோ போடுகிறேன், அதில் எனக்கு இன்னும் ஆத்திரம்.

மேல் வகுப்பு மலிவாக வேண்டும் என்றால் நேர்வழி இருக்கிறது. செக்-இன் திறந்ததும் ஆப்பில் விலையைப் பாருங்கள், முன்பதிவு செய்தபோது இருந்ததைவிடச் சில நேரம் இறங்கியிருக்கும். சில நிறுவனங்கள் ஏலம் கேட்கவும் விடும். கேட்டிலும் ஒரு வார்த்தை கேளுங்கள், இல்லை என்றால் இல்லை, அவ்வளவுதானே.

ஐயோ, எக்ஸிட் வரிசையில் உட்கார்ந்தவர் என்ன ஆனார் என்று சொல்லவே இல்லை. நான் எதுவும் சொல்லவில்லை, சத்தியமாக. இறங்குவதற்கு முன் அதே பெண் வந்தார், அதே சிரிப்பு. இந்த முறை கார்டு பற்றிப் பேச்சே இல்லை. அவர் பக்கத்திலேயே நின்று, இவர் எழுந்து, பெல்ட்டைத் தேடி, செருப்பை மாட்டி, 27 வரை நடந்து போய் நடு சீட்டில் உட்காரும் வரை நகரவில்லை. சரி மக்களே, நான் பெட்டியைத் திறக்கப் போகிறேன். "காலி சீட்தானே" கட்சிக்காரர்கள் கமெண்டுக்கு வாங்க, ராத்திரி முழுக்க அங்கேதான் இருப்பேன்.