கீரையைக் கடைந்து சாப்பிடுவோம், மருந்தாக்க வேண்டாம்

நடுவர் அவர்களுக்கும், என் தட்டில் இருக்கும் முருங்கைக்கீரையைக்கூட மாத்திரையாக்கிவிடத் துடிக்கும் எதிரணி அக்காவுக்கும் வணக்கம். மூலிகையும் காய்கனியும் நமக்குப் பெரிதும் கைகொடுப்பது மருந்தாகவா, உணவாகவா என்பது தலைப்பு. உணவாகத்தான்.

அக்கா நித்தியகல்யாணியைச் சொன்னபோது கைதட்டல் பலமாக இருந்தது. புற்றுநோய் மருந்து அதிலிருந்து வந்தது உண்மைதான், ஆனால் வந்த கதையையும் சொல்ல வேண்டாமா? 1950களில் கனடாவில், சர்க்கரைக்கு உதவுமா என்று அந்த இலைச்சாற்றைச் சோதித்தார்கள். எதிர்பார்த்தபடி சர்க்கரை குறையவில்லை, எலிகளின் வெள்ளையணுக்கள்தான் குறைந்தன. அந்த நூலைப் பிடித்துக்கொண்டு போய் 1958ல் வின்பிளாஸ்டின் என்ற அந்தப் புற்றுநோய் மருந்தைப் பிரித்தெடுத்தார்கள், இன்று அதை மில்லிகிராம் கணக்கில் அளந்து, ரத்தப் பரிசோதனை செய்துகொண்டே நரம்பில் ஏற்றுகிறார்கள். வாசலில் பூத்திருக்கிறதே என்று சர்க்கரைக்காக அந்த இலையை மென்று தின்பவருக்கு இதில் எந்தப் பாதுகாப்பு இருக்கிறது?

அடுத்து, காமாலைக்கு மருந்து என்று சொல்லப்படும் கீழாநெல்லி. 1988ல் சென்னை ஆய்வாளர்கள், ஈரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி கிருமி உடம்பில் தங்கியவர்களுக்கு அதைக் கொடுத்து, 37 பேரில் 22 பேருக்குக் கிருமியின் அடையாளம் மறைந்ததாக வெளியிட்டார்கள். உலகமே திரும்பிப் பார்த்தது. அப்புறம் வேறு இடங்களில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. அசுத்தத் தண்ணீரால் வரும் ஹெபடைடிஸ் ஏ காமாலையோ பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே இறங்கிவிடும், பெயரை மட்டும் கீழாநெல்லி தட்டிக்கொண்டு போகும்!

மஞ்சளுக்கு வருவோம். மிளகோடு சேர்த்தால் மஞ்சளில் இருக்கும் குர்குமின் இருபது மடங்கு அதிகமாக உடம்பில் சேர்கிறது என்று எல்லா வாட்ஸ்அப் குழுவிலும் சுற்றுகிறது. 1998ல் பெங்களூரில் நடந்த ஆய்வு அது, பொய்யில்லை. ஆனால் அதில் கொடுத்தது 2 கிராம் குர்குமின். மஞ்சள்தூளில் குர்குமின் சுமார் 3 சதவீதம்தான் இருக்கும், அப்படியானால் அந்த அளவுக்குச் சுமார் 65 கிராம் தூள் வேண்டும். யார் குடிப்பது, நடுவர் அவர்களே? ரசத்தில் ஒரு சிட்டிகை போதும், மணத்துக்கும் நிறத்துக்கும், தொண்டைக்கு இதமாக இருக்கவும்.

மருந்தாக்கப் போனால் என்ன ஆகும் என்பதற்குச் சுரைக்காயே சாட்சி. கூட்டாக வைத்தால் பரம சாது. அதையே காலையில் வெறும் வயிற்றில் பச்சைச் சாறாக, கசந்தாலும் மருந்துதானே என்று கண்ணை மூடிக்கொண்டு குடித்து, 2010ல் டெல்லியில் ஒரு விஞ்ஞானி இறந்துபோனார். கசப்புக்குக் காரணம் குக்குர்பிடசின் என்ற நச்சு. அடுத்த ஆண்டு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நிபுணர் குழு, கசக்கும் சாற்றைக் குடிக்கவே வேண்டாம் என்றது. சமையலில் கசப்புச் சுரைக்காயை முதல் வாயிலேயே துப்பிவிடுவோம். மருந்து என்று பெயர் வைத்தவுடன் நாக்கு சொல்வதைக் கேட்க மாட்டோம், ஆபத்தே அங்கேதான் இருக்கிறது.

உணவு சாதித்ததைச் சொல்கிறேன். 1747ல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர், ஈறு வீங்கி ரத்தம் கசிந்துகொண்டிருந்த 12 மாலுமிகளை இரண்டிரண்டு பேராகப் பிரித்து ஆறு விதமாகக் கொடுத்துப் பார்த்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் தின்ற இருவர்தான் வேகமாகத் தேறினார்கள், அதில் ஒருவர் ஆறே நாளில் வேலைக்குத் தயாராகிவிட்டார். அக்கா இதை மருந்து என்பார். இல்லை அக்கா, சாப்பாட்டில் இல்லாமல் போன வைட்டமின் சி சாப்பாட்டிலேயே திரும்பி வந்தது, அவ்வளவுதான். கீரையில் எலுமிச்சை பிழிந்தால் அதே வைட்டமின், இரும்புச்சத்து உடம்பில் சேர உதவுகிறது. ஒரு சொட்டு எண்ணெய் விட்டுக் கடைந்தால் வைட்டமின் ஏ ஆகும் சத்தும் நன்றாகச் சேரும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் மட்டும் இரும்பு கொஞ்சம் வீணாகும், அதை என் வீட்டிலேயே யாரும் கேட்பதில்லை, விடுங்கள்.

மணி அடித்துவிட்டீர்கள், முடித்துவிடுகிறேன். அக்கா அடுத்து எழுந்து வரும்போது, தான் சொன்ன ஒவ்வொரு இலைக்கும் எத்தனை கிராம், எத்தனை நாள், யார் தொடவே கூடாது என்று சொல்லிவிட்டு அதை மருந்து என்று அழைக்கட்டும். நன்றி, வணக்கம்.