53.22 சதவீதம்: எங்கிருந்து வந்த எண் இது?

[திரையில்: 53.22%]

இந்த எண்ணை நீங்க எங்கேயாவது பார்த்திருப்பீங்க. போஸ்டர்ல, வாட்ஸ்அப் ஃபார்வேர்டுல, பள்ளிக்கூட விழிப்புணர்வுக் கூட்டத்துல. "இந்தியாவுல 53 சதவீதக் குழந்தைங்க பாலியல் கொடுமைக்கு ஆளாகுறாங்க"ன்னு போட்டிருப்பாங்க. எண் நிஜமானதுதான். வாக்கியம்தான் இடிக்குது.

இது மத்திய அரசோட பெண்கள் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007-ல வெளியிட்ட ஆய்வறிக்கையில இருக்கு. 13 மாநிலம், 5 வயசுலேர்ந்து 18 வயசு வரைக்கும் 12,447 குழந்தைங்க. போலீஸ் ஸ்டேஷன் ஃபைலை வெச்சுக் கணக்கு போடல. குழந்தைங்ககிட்டயே கேட்டாங்க.

ஆனா எந்தக் குழந்தைங்ககிட்ட?

[திரையில்: ஐந்து பிரிவுகள், எண்ணிக்கையுடன்]

பள்ளிக்கூடம் போறவங்க 3,163 பேர். குடும்பத்தோட இருந்தும் பள்ளிக்குப் போகாதவங்க 2,245. வேலைக்குப் போறவங்க 2,377. தெருவுல வாழறவங்க 2,317. குழந்தைகள் இல்லங்கள்ல வளர்றவங்க 2,345.

பார்த்தீங்களா, பள்ளிக்கூடம் போற பிள்ளைங்க நாலுல ஒரு பங்குதான். நிஜத்துல நாட்டுல அப்படியா இருக்கு? தெருவுலயும் வேலையிலயும் இருக்கிற பிள்ளைங்க நிலைமை தெளிவாத் தெரிய இப்படி எடுக்கிறது நல்ல முறைதான். ஆனா அதுல கிடைச்ச சதவீதத்தைத் தூக்கி மொத்த நாட்டு மேலயும் வைக்க முடியாது. தமிழ்நாட்டு மேல சுத்தமா முடியாது. அந்த 13-ல நாம இல்லவே இல்ல. தெக்குப் பக்கத்துலேர்ந்து ஆந்திராவும் கேரளாவும்தான் இருக்கு.

இன்னொன்னு. ஆபாசப் படம் காட்டுறதுலேர்ந்து வன்புணர்வு வரைக்கும் எல்லாம் சேர்ந்த கூட்டல்தான் அந்த 53. கடுமையானதுன்னு பிரிச்சதை மட்டும் பார்த்தா, அஞ்சுல ஒரு குழந்தைக்கு மேல. தூக்கம் கெட அதுவே போதும், 53-ஐ ஊதிப் பெருசாக்க வேண்டிய அவசியமே இல்ல.

அதே அறிக்கையில மூணுல ரெண்டு குழந்தை அடி வாங்கினதாகவும் இருக்கு. அதுக்கு யாரும் போஸ்டர் அடிக்கல. "அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான்"னு பழமொழி வெச்சிருக்கிறவங்களாச்சே நாம.

இந்த ஆய்வுல பலரும் எதிர்பார்க்காத விஷயம் வேற. பாலியல் கொடுமை நடந்ததுன்னு சொன்ன குழந்தைங்கள்ல 52.94 சதவீதம் பசங்க. ஆம்பளப் பிள்ளைங்க. அப்ப இருந்த இந்திய தண்டனைச் சட்டத்துல வன்புணர்வுப் பிரிவு பெண்களுக்கு மட்டும். பையனுக்கு நடந்தா "இயற்கைக்கு மாறான குற்றம்"னு சொல்ற 377-ஆவது பிரிவைத்தான் தேடிப் போகணும். அந்த ஓட்டையை அடைச்சது 2012 நவம்பர் 14-ல நடைமுறைக்கு வந்த போக்சோ, அதாவது பாலியல் குற்றங்கள்லேர்ந்து குழந்தைங்களைப் பாதுகாக்கிற சட்டம். 18 வயசுக்குக் கீழ இருந்தா குழந்தை, அவ்வளவுதான். ஆணா பெண்ணாங்கிற கேள்வியே இல்ல.

அறிக்கையில வந்த இன்னொரு விஷயத்துக்கும் சட்டம் பதில் சொல்லுச்சு. கொடுமை பண்ணவங்கள்ல பாதிப் பேர் குழந்தைக்குத் தெரிஞ்சவங்க. பெரும்பாலான குழந்தைங்க யார்கிட்டயும் சொல்லல. அதனால விஷயம் தெரிஞ்ச பெரியவங்க மேல கடமை வந்தது. டீச்சரோ டாக்டரோ சித்தப்பாவோ, தெரிஞ்சும் சொல்லலைன்னா 21-ஆவது பிரிவுல ஆறு மாசம் வரைக்கும் ஜெயில்.

சரி, சொன்னதுக்கு அப்புறம்? 1098-க்குப் போன் பண்ணலாம். 1996-ல மும்பையில டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தோட திட்டமா ஆரம்பிச்சு நாடு முழுக்கப் பரவின எண் அது. போலீஸுக்குத் தகவல் போனா, அவங்க 24 மணி நேரத்துக்குள்ள குழந்தைகள் நலக் குழுவுக்குச் சொல்லியாகணும். ஒரு தலைவர், நாலு உறுப்பினர், அதுல ஒருத்தராவது பெண். குழந்தை வீட்டுக்கே போகலாமா, சொந்தக்காரங்ககிட்ட விடலாமா, இல்லத்துல வைக்கணுமான்னு முடிவு பண்றது இவங்கதான். கொடுமை பண்ணது அந்த வீட்டு ஆளாவே இருந்தா இதைவிடக் கஷ்டமான முடிவு எதுவும் கிடையாது.

இத்தனை ஏற்பாடு இருந்தா எல்லாம் கணக்குல வந்துடுமா? அமெரிக்காவைப் பாருங்க. அங்க புகார் சொல்றது கட்டாயம்னு பல பத்து வருஷமா சட்டம் இருக்கு. 1979-லேர்ந்து 2006-க்குள்ள நாலு தடவை தேசிய அளவுல ஆய்வு பண்ணாங்க. புகார் எண்ணிக்கையோட நிக்கல. டீச்சர், நர்ஸ், போலீஸ், பகல்நேரக் காப்பக ஊழியர்னு குழந்தைங்களைத் தினம் பார்க்கிறவங்ககிட்டயும் தகவல் வாங்கி ஒப்பிட்டாங்க. நாலாவது ஆய்வுல, பாலியல் கொடுமை மட்டும் இல்லாம அடி, புறக்கணிப்புன்னு எல்லாம் சேர்த்து, பாதிக்கப்பட்ட குழந்தைங்க சுமார் 12.5 லட்சம்னு கணக்கு வந்தது. அதுல குழந்தைகள் பாதுகாப்புத் துறை விசாரிச்சது 32 சதவீதம். மீதி, புகாரே போகாததும், போயும் விசாரணைக்கு எடுக்காததும்.

[திரையில்: சென்னை உயர் நீதிமன்றம், 2021]

இது விட்டுப்போன கணக்கு. கணக்குல வந்துட்ட வழக்குலயும் சிக்கல் இருக்கு. 17 வயசுப் பொண்ணு காதலிச்சவன்கூட வீட்டை விட்டுப் போனா, பெத்தவங்க புகார் கொடுத்தா, அதுவும் போக்சோ. 2021-ல இப்படி ஒரு வழக்கை ரத்து பண்ணின நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், காதல்ல இருக்கிற வளரிளம் பருவத்துப் பிள்ளைங்களைத் தண்டிக்கிறது இந்தச் சட்டத்தோட நோக்கம் இல்லன்னு தீர்ப்புல எழுதினார்.

தேசிய குற்ற ஆவணக் காப்பகம் போடுற போக்சோ மொத்தக் கணக்குல அந்த மாதிரி வழக்கும் ஒன்னு. மாமா மேல எட்டு வயசுக் குழந்தை கொடுத்த புகாரும் ஒன்னு. "போக்சோ வழக்குகள் இத்தனை சதவீதம் உயர்வு"ன்னு வர்ற தலைப்புச் செய்தியை வெச்சு, கூடினது கொடுமையா, புகார் சொல்ற தைரியமா, இல்ல இந்த மாதிரி காதல் வழக்கான்னு கண்டுபிடிக்க முடியாது.