உறங்கும் செங்காந்தள்

நேயர்களுக்கு வணக்கம். கார்த்திகை மாதத்தில் வேலியோரம் தீக்கொழுந்து போல நிற்கும் செங்காந்தளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கண்வலிப்பூ, கார்த்திகைப்பூ என்று ஊருக்கு ஒரு பெயரால் வழங்கும் இது நம் தமிழ்நாட்டின் மாநில மலர். அதை வீட்டில் வளர்ப்பது பற்றிப் பேசவே வந்திருக்கிறேன்.

முதன்முதலில் நான் இரண்டு தொட்டிகளில் இதன் கிழங்கை நட்டேன். இரண்டும் ஆவணியில் கொடியோடி, ஐப்பசியில் பூத்து, தை பிறந்ததும் பழுத்துச் சாய்ந்தன. நோய் கண்டுவிட்டது என்று பதறிய நான், முற்றத்தில் இருந்த தொட்டிக்குக் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினேன். மாடிப்படியின் கீழ் ஒதுக்கி வைத்த மற்றொன்றை, உண்மையைச் சொன்னால், மறந்தே போனேன். ஆனி மாதம் மறந்த தொட்டியிலிருந்து கூர்மையான முளையொன்று எட்டிப் பார்த்தது. அக்கறையோடு நீர் வார்த்த தொட்டியைக் கிளறினேன். கிழங்கு கூழாகி நாறியது.

கொடி காய்வது சாவன்று, உறக்கம். கோடை முழுவதும் கிழங்கு மண்ணுக்குள் உறங்கும். அப்போது நீர் வேண்டாம். மீண்டும் சொல்கிறேன், காய்ந்த கொடிக்கு நீர் வேண்டாம். மழைக்காலத்திலும் நீர் தேங்காத செம்மண்ணே இதற்கு ஏற்றது என்பதால், தொட்டியின் அடித்துளை அடைபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கிழங்கு கலப்பை போலக் கவைத்திருப்பதால் கலப்பைக் கிழங்கு என்றும் பெயர் உண்டு. அதன் கிளையின் நுனியில்தான் முளைக்கண் இருக்கிறது. அது ஒடிந்தால் அந்தக் கிளை முளைக்காது. ஆகவே தோண்டும்போது கடப்பாரை வேண்டாம், கையால் மண்ணை விலக்குங்கள், கையுறை கட்டாயம். செடி முழுவதும், குறிப்பாகக் கிழங்கும் விதையும், கொல்கிசின் என்னும் நச்சைக் கொண்டவை. அதே கொல்கிசின்தான் அளவோடு கீல்வாத மருந்தாகிறது என்றாலும், வீட்டில் எவரும் சோதித்துப் பார்க்க வேண்டியதில்லை. வள்ளிக்கிழங்கு என்று எண்ணித் தின்று உயிரிழந்தவர்கள் உண்டு. குழந்தையும் ஆடுமாடும் எட்டாத இடமே இதற்கு இடம்.

கொடி ஏற ஒரு முள்வேலியோ காய்ந்த கிளையோ போதும். இலையின் நுனியே பற்றுக்கம்பியாகச் சுருண்டு பிடித்துக்கொள்ளும். காட்டிலிருந்து கிழங்கைப் பிடுங்கி வராதீர்கள். மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கம் இதைப் பயிராகவே வளர்க்கிறார்கள், அங்கே விதைக்கிழங்கு கிடைக்கும்.

அங்குள்ள உழவர்கள் பூவுக்குப் பூ கையால் மகரந்தம் தொட்டு வைப்பதை விரிவாகச் சொல்ல எண்ணியிருந்தேன். நேரமாகிவிட்டது என்று ஒலிப்பதிவு அறையின் கண்ணாடிக்கு அப்பாலிருந்து கை காட்டுகிறார்கள். ஆதலால் ஒன்று மட்டும்: பூவின் பெண்ணுறுப்பான சூல்தண்டு மகரந்தத்தை விட்டு விலகிப் பக்கவாட்டில் வளைந்திருப்பதால், நீங்களும் காலையில் மகரந்தத்தை எடுத்து அதன் நுனியில் தொட்டு வையுங்கள், காய் பிடிக்கும். விதையிலிருந்து வளர்த்தால் பூவைக் காண மூன்று, நான்கு ஆண்டுகள் ஆகும். வணக்கம்.